ஆகஸ்ட்டில வாவிக்கு உண்மையா வாறது யாரு? வலசைப் பறவைகள் பத்தி ஒரு எளிய விளக்கம்

ஆகஸ்ட் பிறந்தா காணும், பேஸ்புக்கில அந்தப் போட்டோ சுத்தத் தொடங்கிடும். வத்தின குளம் ஒண்டு, அதுக்குள்ள கூட்டமா நிக்கிற பெரிய பெரிய வெள்ளைப் பறவைகள், மேல "சைபீரியாவிலிருந்து எம் மண்ணுக்கு வந்த விருந்தாளிகள்" எண்டு ஒரு வரி. கீழ எல்லாரும் கைகூப்பி வரவேற்பாங்க. வரவேற்கிறது நல்ல விசயந்தான், ஆனா அந்தப் படத்தில நிக்கிறது முக்கால்வாசியும் கூழைக்கடா, சங்குவளை நாரை, வெள்ளைக்கொக்கு. எல்லாம் நம்மட நாட்டுக் குடிமக்கள், பாஸ்போட்டே எடுக்காததுகள். உண்மையா சைபீரியாப் பக்கம் இருந்து வந்தது அதே போட்டோவிலயே இருக்கும் சிலநேரம், கீழ் மூலையில, சேத்தோட சேறா, மண் நிறத்தில நாலஞ்சு புள்ளியா. அதை ஆரும் சூம் பண்ணிப் பாக்கிறல்ல.

பெரிசா, வடிவா, கூட்டமா, திடீரெண்டு கண்ணில படுற எல்லாத்தையும் நாம "வெளிநாட்டுப் பறவை" எண்டு சொல்லிப் பழகிட்டம், குழப்பம் அதாலதான். இது புதுசா பறவை பாக்கத் தொடங்கிற ஆக்களுக்காக எழுதுறது. பைனாகுலர் இல்லாட்டியும் பரவாயில்ல, ஆகஸ்ட் செப்டெம்பர்ல மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் யாரு வாறாங்க, யாரு இஞ்சயே இருந்தவங்க, ஏன் இந்த நேரம் பாத்து வாறாங்க எண்டது விளங்கினாக் காணும்.

## வாடி போடுற ஆக்களை நினைச்சுப் பாருங்க

வாகரை, பொத்துவில், பாணமைக் கரைகள்ல கோடையில வெளியூர் ஆக்கள் வந்து வாடி போட்டிருக்கிறதைப் பாத்திருப்பீங்க. மேற்குக் கரையில, தெற்குக் கரையில தென்மேல் பருவக்காத்து அடிச்சுக் கடல் கொந்தளிக்கிற மாசங்கள்ல நம்மட பக்கக் கடல் தொழிலுக்குத் தோதாக் கிடக்கும், அதால வள்ளத்தையும் வலையையும் ஏத்திக்கொண்டு வந்து, ஓலையும் தகரமும் வச்சு ஒரு வாடியைக் கட்டி, மீன்பிடிச்சிட்டு, இஞ்ச வாடைக்காத்து எழும்ப முதல் சாமானைக் கட்டிக்கொண்டு திரும்பிடுவாங்க. வீடு வாசல், கலியாணம், புள்ளப்பேறு எல்லாம் அவங்களுக்கு அங்கதான், இஞ்ச வாறது தொழிலுக்கு.

வலசை எண்டு சொல்லுறதும் இதுதான். கூடு கட்டிக் குஞ்சு பொரிக்க ஒரு ஊர், மிச்ச மாசங்கள்ல வயித்தைப் பாக்க இன்னொரு ஊர், ரெண்டுக்கும் இடையில வருசா வருசம் அதே காலத்தில போய் வாறது. வருசா வருசம் எண்டதும், போய்த் திரும்புறது எண்டதும் முக்கியம். ஒரு குளம் வத்தினா அடுத்த குளத்துக்கு மாறுறது வலசை ஆகாது, அதுக்கு வேற பேர் இருக்கு, பிறகு சொல்லுறன்.

இந்த வாடிக் கணக்கு மனசில இருந்தா ஒரு பெரிய பிழை தானா விலகிடும். "வெளிநாட்டுப் பறவைகள் இஞ்ச முட்டையிட வருது" எண்டு கனபேர் நினைக்கிறாங்க, நியூஸ்லயும் வாசிக்கிறாங்க. வடக்கில இருந்து வலசை வாறதுகள் இஞ்ச கூடு கட்டாது. அதுகளுக்கு இது வாடி. கூடு அங்க. ஆகஸ்ட்டில ஒரு மரத்தில கூட்டுக்குள்ள குஞ்சோட ஒரு பறவையைக் கண்டா அது அனேகமா உள்ளூர் ஆள்.

இதில ஒரு வேடிக்கையும் இருக்கு, வாடிக்காரர் சாமானைக் கட்டிக் கிளம்புற காலத்துக்குக் கிட்டத்தான் பறவைகள் வந்து இறங்கிற காலமும்.

## அப்ப அந்தப் பெரிய பறவைகள் எங்க இருந்து வந்த?

குமண வில்லு கேள்விப்பட்டிருப்பீங்க, பாணமைக்கு அங்கால கும்புக்கன் ஓயாவோட தண்ணியில நிரம்புற சதுப்பு. 1938ல இருந்து பறவைகள் சரணாலயம். அங்க கண்டல் மரங்கள்ல கூழைக்கடா, சங்குவளை நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், கொக்கு, நீர்க்காகம் எல்லாம் பக்கத்தில பக்கத்தில கூடு கட்டும், வருசத்தின்ட நடுப்பகுதிதான் அதுக்குச் சீசன். குஞ்சுகள் பறக்கப் பழகினதும் குடும்பம் குடும்பமா சிதறும். எங்க போகும்? மீன் இருக்கிற இடத்துக்கு.

ஆகஸ்ட் எண்டா நம்மட குளங்கள் என்ன நிலைமை எண்டு வயல் செய்யிற ஆக்களைக் கேக்கத் தேவையில்ல. சிறுபோகத்துக்குத் தண்ணி திறந்து திறந்து, கச்சான் எண்ட தென்மேல் காத்தும் வெயிலும் மிச்சத்தைக் குடிச்சு, உன்னிச்சை, நவகிரி, கொண்டவட்டவான் எல்லாம் அடிமட்டத்துக்கு வந்திடும். தண்ணி சுருங்கினா மீனும் சுருங்கின இடத்துக்குள்ள நெருங்கும். விரிஞ்ச குளத்தில தேடித்தேடிப் பிடிச்ச மீன் இப்ப ஒரு குட்டைக்குள்ள கிடக்கு. பறவைக்கு இதை விட என்ன வேணும்.

நிந்தவூர்ப் பக்கம் வீச்சுவலையோட நிண்ட ஒரு காக்காவிட்ட (இஞ்ச முஸ்லிம் அண்ணன்மாரை அப்பிடித்தான் கூப்பிடுறது, பறவை இல்ல) "எங்க இருந்து காக்கா இவ்வளவும்?" எண்டு கேட்டன். "எங்கையும் இருந்து வரல்ல தம்பி. அங்கால குளம் வத்திட்டு, இஞ்சால மீன் கிடக்கு. மீன் முடிஞ்சா போயிடும், நீங்க போட்டோ எடுக்கிறெண்டா இப்பவே எடுங்க" எண்டார். கனக்கப் புத்தகத்தில வாசிச்சும் இவ்வளவு சுருக்கமா ஒருத்தரும் எனக்கு விளங்கப்படுத்தல்ல. இதுக்குத்தான் உள்ளூர் இடமாற்றம் எண்டு பேர்: நாட்டுக்குள்ளயே தண்ணிக்கும் இரைக்கும் ஏத்தமாதிரி இடம் மாறுறது.

உள்ளூர் எண்டதால இளக்காரமாப் பாக்கத் தேவையில்ல எண்டதையும் சொல்லணும். சங்குவளை நாரை மீன் பிடிக்கிறதை ஒரு பத்து நிமிசம் நிண்டு பாருங்க. தலையைக் குனிஞ்சு, மஞ்சள் அலகைக் கொஞ்சம் திறந்தபடி தண்ணிக்குள்ள விட்டு, இடம் வலமா அசைச்சுக்கொண்டு நடக்கும். ஒரு காலால சேத்தைக் கிளறும், சிலநேரம் ஒரு செட்டையை மட்டும் விரிக்கும், மீன் வெருண்டு ஓடி அலகுக்குள்ள முட்டினதும் டப்பெண்டு மூடிடும். கண்ணால பாத்துப் பிடிக்கிற வேலையே இல்ல, தொடுகைதான், அதாலதான் கலங்கின தண்ணியிலயும் அதுக்குத் தொழில் ஓடுது. முதுகுப் பக்கம், வாலுக்கு மேல, ரோஸ் நிறம் தெரியும். அந்த நிறத்தைக் கண்டுதான் கனபேர் பூநாரை எண்டு எழுதுறது.

சுருக்கமா இதுவரைக்கும்: வலசை எண்டா வருசா வருசம் கூட்டு ஊருக்கும் இரை ஊருக்கும் இடையில போய்வாறது. குளம் வத்திறதால வாற பெரிய பறவைக் கூட்டம் உள்ளூர் இடமாற்றம். ரெண்டும் ஆகஸ்ட்டிலதான் நடக்குது, அதால ஒண்டோட ஒண்டு குழம்புது.

## குளிருக்குப் பயந்து ஓடி வாறல்ல

அடுத்த பிழை இது. "அங்க ஐஸ் கொட்டுது, அதால இஞ்ச வருது." சரி, சைபீரியாவில ஆகஸ்ட்டில ஐஸ் கொட்டுதா? ஆகஸ்ட் அங்க கோடை. அப்ப ஏன் வெளிக்கிடுது?

ஒரு பறவையை எடுத்துப் பாப்பம், வளைமூக்கு உள்ளான். மைனாவை விடக் கொஞ்சம் சின்னது, கறுத்த அலகு நுனியில கீழ்ப்பக்கம் வளைஞ்சிருக்கும். இது கூடு கட்டுற இடம் சைபீரியாவின்ட வடக்கு முனையில, டைமிர் குடாநாடு மாதிரி மரமே முளைக்காத சமவெளிகள்ல. மட்டக்களப்பில இருந்து நேர்கோடு போட்டாலே 7,000 கிலோமீட்டருக்கு மேல. ஜூன்ல அங்க சூரியன் மறையிறதே இல்ல, 24 மணித்தியாலமும் வெளிச்சம். பனி உருகின சதுப்பில நுளம்பும் பூச்சியும் புழுவும் கொள்ளையாப் பெருகும். குஞ்சு வளக்க இதைவிட நல்ல இடம் கிடையாது, ராவும் பகலும் சாப்பாடு.

ஆனா அந்தப் பந்தி கொஞ்ச நாளைக்குத்தான். பூச்சி பெருகிறது மாதிரியே சட்டெண்டு குறையும். அதால வேலை முடிஞ்சவன் முதல் கிளம்புவான். வளைமூக்கு உள்ளானில ஆண் அடை காக்கிறதே இல்ல, ஜூலைத் தொடக்கத்திலயே போயிடும். தாய் குஞ்சுகளை ஒரு நிலைக்குக் கொண்டுவந்திட்டுக் கொஞ்சம் பிந்தி வெளிக்கிடும். குஞ்சுகள் எல்லாருக்கும் கடைசி. குளிர் வாறதுக்கு எத்தினையோ கிழமைக்கு முதலே மூத்த ஆக்கள் வழியில நிக்கிறாங்க. குளிர் இறங்கிப் பூச்சி செத்த பிறகு கிளம்பினா வழிச் செலவுக்குக் கொழுப்பே சேத்திருக்க ஏலாது.

இஞ்ச ரெண்டு கேள்வியைப் பிரிச்சுப் பாக்கணும், இதைப் பிரிக்காததாலதான் பேச்சு குழம்புது. ஏன் வலசை போகுது எண்டது ஒரு கேள்வி. அதுக்கு விடை சாப்பாடு, குஞ்சு வளக்கக் கிடைக்கிற வெளிச்சம், இடம். இண்டைக்குக் கிளம்பணும் எண்டு அதுக்கு எப்பிடித் தெரியுது எண்டது வேற கேள்வி. அதுக்கு விடை பகல் நீளம். வெயில் ஒரு வருசம் கூடும், ஒரு வருசம் குறையும், மழை பிந்தும் முந்தும், ஆனா இந்தத் திகதியில பகல் எத்தினை மணித்தியாலம் எண்டது மாறாது. பறவையின்ட உடம்பு அதைக் கணக்கில எடுத்து, ஹோர்மோன் மாறி, பசி கூடி, கொழுப்புச் சேந்து, ஒரு அமைதியில்லாத நிலைக்கு வரும்.

அப்ப இன்னொரு சந்தேகம் வரணும். நம்மட நாட்டில பகல் நீளம் பெரிசா மாறுறல்லயே, மட்டக்களப்பில வருசத்தின்ட நீளமான பகலுக்கும் கட்டையான பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம் கூட வராது. ஏப்ரல்ல திரும்பிப் போகணும் எண்டு இஞ்ச இருக்கிற பறவைக்கு எப்பிடி விளங்கும்? உடம்புக்குள்ளயே ஒரு ஆண்டுக் கடிகாரம் ஓடுது, ஏறக்குறைய ஒரு வருசத்துக்கு ஒருக்காச் சுத்துற உள்கணக்கு. வெளிச்சத்தையும் சூட்டையும் மாத்தாம கூட்டுக்குள்ள வச்சு வளத்த பறவைகளும் காலம் வந்ததும் செட்டை அடிச்சுப் பதறினதை ஆய்வுகள்ல கண்டிருக்காங்க. பகல் நீளம் அந்தக் கடிகாரத்தைத் திருத்திக் குடுக்கும், அவ்வளவுதான்.

ஆகவே குளிர் ஓட்டிவிடுறதாலதான் வருது எண்டு எழுதாதீங்க. சாப்பாடு காரணம், பகல் நீளமும் உள்கடிகாரமும் மணி அடிக்கிறது.

## வழி எப்பிடித் தெரியும்

இருநூறு வருசத்துக்கு முதல் வரைக்கும் ஐரோப்பாவில படிச்ச ஆக்களே தகைவிலான் குருவி குளிர்காலத்தில குளத்துச் சேத்துக்குள்ள புதைஞ்சு நித்திரை கொள்ளுது எண்டு நம்பினாங்க. 1822ல ஜேர்மனியில ஒரு நாரை ஆபிரிக்க அம்பு கழுத்தில தைச்சபடி வந்து சேந்தது, அதைப் பாடம் பண்ணி இண்டைக்கும் ரொஸ்டொக் பல்கலைக்கழகத்தில வச்சிருக்காங்க. பறவை அவ்வளவு தூரம் போகுது எண்டதுக்கு அதைவிட நல்ல சாட்சி ஆருக்கும் கிடைச்சிருக்காது, பாவம் அந்த நாரை.

இப்ப ஜிபிஎஸ் கருவி இருக்கு. மன்னார்ல கருவி மாட்டி விட்ட கடற்புறாக்கள் ரஷ்யாவின்ட ஆர்க்டிக் கரை வரைக்கும் போனதை கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடந்து பாத்திருக்காங்க. உலக அளவில கேட்டா, 2022ல பட்டைவால் மூக்கன் ஒண்டு அலாஸ்காவில இருந்து அவுஸ்திரேலியாவின்ட டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர், 11 நாள், இடையில எங்கையும் இறங்காமப் பறந்தது. அது அஞ்சு மாசக் குஞ்சு. இந்த வகை மூக்கனில கொஞ்சம் இலங்கைக்கும் வரும்.

அஞ்சு மாசக் குஞ்சு எண்டதைக் கவனிக்கணும். கூட்டிக்கொண்டு போக மூத்த ஆள் இல்லாம, முதல் பயணத்திலயே சரியான திசையில போகுது. எந்தப் பக்கம், எவ்வளவு காலம் எண்டது பரம்பரையா உடம்பில இருக்கு. திசை பாக்க சூரியன், ராவில நட்சத்திரம், பூமியின்ட காந்தப்புலம் மூண்டையும் பாவிக்குது. 1960கள்ல அமெரிக்காவில பறவையைக் கோளரங்கத்துக்குள்ள வச்சு நட்சத்திரப் படத்தைத் திருப்பிப் பாத்தாங்க, படம் திரும்பினதும் பறவையும் திசையை மாத்திச்சு. காந்தப்புலத்தை எப்பிடி உணருது எண்டதில இன்னும் ஆய்வு முடியல்ல, அதுக்குள்ள இஞ்ச போகல்ல.

எரிபொருள் கொழுப்பு. கிளம்ப முதல் சில உள்ளான் வகைகள் தன்ட நிறையை ரெட்டிப்பாக்கும், தூரம் பறக்கிறதுக்குக் குடல் இரைப்பையைக் கூடச் சுருக்கிக்கொள்ளும் வகைகளும் இருக்கு. இஞ்ச வந்து இறங்கிற நேரம் அந்தக் கொழுப்பு கரைஞ்சுபோய், பசியில நிக்கும்.

வடக்கு ஆசியாவில இருந்து இந்தியா வழியா இறங்கிற பெரிய வழிக்கு மத்திய ஆசிய வலசைப் பாதை எண்டு பேர். பாதை எண்டா கோடு போட்ட ரோட்டு மாதிரி நினைக்காதீங்க, கனக்கப் பறவைகள் பொதுவாப் பாவிக்கிற அகலமான ஒரு பரப்பு. அதின்ட தெற்கு முடிவு இலங்கை. இந்தியாவின்ட மேற்குக் கரை ஓரமாவும், கிழக்குக் கரை ஓரமாவும், அந்தமான் பக்கத்தாலயும் வந்து சேருது எண்டு மூண்டு வழி சொல்லுவாங்க. இலங்கையைத் தாண்டித் தெற்க போனா அண்டார்டிக்கா வரைக்கும் பெரிசாத் தரை இல்ல, அதால கனபேருக்கு இதுதான் கடைசி பஸ் ஸ்டாண்ட்.

## ஏன் நம்மட வாவி, ஏன் இந்த மாசம்

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்தில இருந்து கல்முனைப் பக்கம் வரை 56 கிலோமீட்டர் நீளம். கடலோட சேருற வாய் முகத்துவாரத்தில ஒண்டு, கல்லாத்தில ஒண்டு. கோடையில ஆத்துத் தண்ணி வரத்து இல்ல, வாயில மணல் அடைக்கும், வெயில் தண்ணியைக் குடிக்கும், மட்டம் இறங்கும். அப்ப ஓரத்தில என்ன மிஞ்சும்? சேறு.

மற்ற ஆக்களுக்கு அது நாத்தம் பிடிச்ச கரை. உள்ளானுக்கு அது சந்தை. அந்தச் சேத்தில ஒரு கைப்பிடி அள்ளிக் கழுவிப் பாத்தா நூல் மாதிரிப் புழு, குட்டி ஊரி, சின்னச் சின்ன நண்டு இறால் இனம், பூச்சிக் குடம்பி எல்லாம் நெளியும். வேற சில நாடுகள்ல கடல் வத்துப்பெருக்கு மீற்றர் கணக்கில இருக்கும், ஒரு நாளைக்கு ரெண்டு தரம் சேறு திறந்து மூடும். இலங்கையைச் சுத்தி வத்துப்பெருக்கு சின்னது. அதால நம்மட கரையில சேத்தைத் திறந்து வைக்கிறது கோடைதான். சரியா அந்த நேரம் பாத்து வடக்கில இருந்து பசியோட ஆக்கள் வந்து இறங்கிறாங்க.

இந்தச் சேத்தோரத்தில நடந்து இரை தேடுற உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன், கோட்டான் (ஆந்தை இல்ல, வளைஞ்ச அலகுள்ள கரையோரப் பறவை) எல்லாத்தையும் சேத்துக் கரைப்பறவை எண்டு சொல்லுவம். ஒரே சேத்தில இவ்வளவு வகை எப்பிடிச் சண்டையில்லாம மேயுது எண்டு கேட்டா, அலகைப் பாருங்க. கொசு உள்ளான் 25 கிராம் அளவுதான் இருக்கும், கட்டை அலகு, மேல்தோலில கொத்திக்கொத்தி எலிக்குஞ்சு மாதிரி ஓடும். வளைமூக்கு உள்ளான் கொஞ்சம் ஆழத்துக்குத் தையல் மெசின் மாதிரிக் குத்தும். கருவால் மூக்கன் முழங்கால் தண்ணியில நிண்டு முழு அலகையும் இறக்கும், தலையும் நனையும். சின்னக் கோட்டான் வளைஞ்ச அலகை நண்டு வளைக்குள்ள விட்டு இழுக்கும். உப்புக்கொத்தி அலகைக் குறைச்சலாப் பாவிக்கும், கண்ணைக் கூடப் பாவிக்கும்: ஓடும், நிக்கும், பாக்கும், ஒரு கொத்து, திரும்ப ஓடும். ஒவ்வொருத்தனுக்கும் வேற வேற தட்டு.

மாரி தொடங்கி வெள்ளம் வந்தா இந்தச் சேறு தண்ணிக்குக் கீழ போயிடும். அந்த நேரம் படுவான்கரை, அதாவது வாவிக்கு மேற்குப் பக்கத்து வட்டைகள்ல உழுது தண்ணி கட்டின வயல் இருக்கும், வரி உள்ளான் மாதிரி ஆக்கள் அங்க ஏறிடும். ஆகவே வாவியோரத்தில கரைப்பறவை பாக்கிறதெண்டா கோடை முடிவுதான் வாய்ப்பு, டிசம்பர் லீவுக்கு எண்டு தள்ளிப்போட்டு வந்து "ஒண்டையும் காணல்ல" எண்டு சொல்லிப் பிரயோசனமில்ல.

## எல்லாரும் ஒரே நாள் வாறல்ல

ஆகஸ்ட்டில முதல் இறங்கிறது மூத்த கரைப்பறவைகள். வெறும் உள்ளான் எண்டே பேர் உள்ள வகை, வரி உள்ளான், பவளக்காலி, பச்சைக்காலி, சின்னக் கோட்டான், மணல் உப்புக்கொத்தி. இந்த நேரம் வளைமூக்கு உள்ளானைக் கிட்டப் பாத்தா ஒரு விசயம் தெரியும்: வயித்தில செங்கல் நிறத் திட்டுகள், கிழிஞ்ச சட்டைக்கு ஒட்டுப்போட்ட மாதிரி. அது வடக்கில போட்டிருந்த கலியாணச் சட்டை, இன்னும் முழுசாக் கழரல்ல. ரெண்டு மாசத்தில சாம்பலும் வெள்ளையும் ஆகிடும். அந்தச் சிவப்பைக் காணணும் எண்டா ஆகஸ்ட்டிலதான் பாக்கணும், மறுகா ஏப்ரல்ல போற நேரந்தான்.

செப்டெம்பர்ல இளசுகள் வரும். சட்டை புதுசு, முதுகு இறகு ஒவ்வொண்டுக்கும் வெளிர் விளிம்பு, செதில் செதிலாத் தெரியும். தரைப்பக்கம் பாத்தா தகைவிலான் கரண்ட் வயரில வரிசையா இருக்கத் தொடங்கும். பறக்கக்குள்ள அதே மாதிரித் தெரியிற உழவாரன் வயரில இருக்கிறல்ல, அதின்ட காலுக்கு ஏலாது, அதால வயரில இருந்தாலே பாதிப் பிரச்சினை முடிஞ்சு. வயிறு முழுக்கச் செம்மண் நிறம் எண்டா அது நம்மட இலங்கைத் தகைவிலான், வயிறு வெளிறிக் கழுத்து மட்டும் சிவப்பெண்டா வலசை வந்தது. நீலவால் பஞ்சுருட்டான், சாம்பல் வாலாட்டி, பழுப்புக் கீச்சான் எல்லாம் இந்த மாசத்துக் கணக்கு. ஆறுமணிக் குருவி அதுக்குப் பிறகு, காட்டுத் தாராக்கள், அதாவது ஊசிவால், நீலச்சிறகி எல்லாம் ஒக்டோபர் கடந்து, தண்ணி ஏறினாத்தான்.

விதிக்கு வெளியால நிக்கிறதுகளும் இருக்கு, அதையும் சொல்லாட்டி நீங்க வந்து என்னைப் பிடிப்பீங்க. நீலவால் பஞ்சுருட்டான் பெரும்பாலும் வலசை வாறது, ஆனா மட்டக்களப்புப் பக்கம் மணல் மேட்டில வளை தோண்டிக் கூடு கட்டினதும் பதிவாகியிருக்கு. கரைப்பறவைகள்ல ஒரு வயசு ஆகாத சிலது முதல் வருசம் வடக்குக்குப் போகாம ஜூன் ஜூலை முழுக்க இஞ்சயே நிண்டுடும், அதால ஜூன்ல ஒரு சின்னக் கோட்டானைக் கண்டிட்டு அதிசயம் எண்டு போஸ்ட் போடத் தேவையில்ல. அதே மாதிரி சேத்தில நிக்கிற சின்னது எல்லாம் வெளிநாடும் இல்ல. நெடுங்கால் உள்ளான், ரோஸ் காலோட ஒய்யாரமா நிக்குமே, அது இஞ்ச கூடு கட்டுறது. ஆட்காட்டியும் அப்பிடித்தான். மன்னார்ப் பக்கம் மணல்ல கூடு கட்டுற ஒரு குட்டி உப்புக்கொத்தியை 2023ல வெளிவந்த ஆய்வில தனி இனம் எண்டு காட்டி ஹனுமான் உப்புக்கொத்தி எண்டு பேர் வச்சாங்க, அதுவரைக்கும் அதை வடக்கில இருந்து வாறதோட ஒண்டாத்தான் எழுதிவந்த.

சுருக்கமா: ஆகஸ்ட் மூத்த கரைப்பறவை, செப்டெம்பர் இளசும் தகைவிலானும், தாரா கடைசி.

## பாக்கப் போறது எப்பிடி

முதல் வேலை வெயிலைப் பாக்கிறது. எதிர்வெயில்ல எல்லா உள்ளானும் கறுப்பு. காலமை எண்டா எழுவான்கரையில, அதாவது வாவிக்குக் கிழக்குப் பக்கம் நிண்டு மேற்க பாருங்க, சூரியன் முதுகுக்குப் பின்னால இருக்கும். பின்னேரம் எண்டா படுவான்கரையில நிண்டு கிழக்க பாருங்க. காத்தான்குடி, ஆரையம்பதி ஆக்களுக்குக் காலமை லேசு, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆக்களுக்கு பின்னேரம். மத்தியானம் கச்சானுக்குள்ள போய் நிக்காதீங்க, கானல் எழும்பி ஒண்டும் தெரியாது, தலைவலிதான் மிச்சம்.

நிறத்தை நம்பாதீங்க. கரைப்பறவை எல்லாம் மண் நிறந்தான். மைனாவை விடப் பெரிசா சின்னதா, கால் என்ன நிறம், அலகு நேரா வளைவா, எப்பிடி அசையுது எண்ட நாலையும் பாத்தாலே கனக்கப் பிடிபடும். பின்பக்கத்தை நிக்காம ஆட்டிக்கொண்டு, வெருட்டினா தண்ணிக்கு ஒட்டினாப்போல செட்டையை வெட்டி வெட்டிப் பறந்தா அதுதான் வெறும் உள்ளான் எண்டு பேர் உள்ள வகை. செக்கச் சிவந்த காலோட, பறக்கக்குள்ள செட்டையின்ட பின்விளிம்பு வெள்ளையாத் தெரிஞ்சா பவளக்காலி, பெரும்பாலும் எல்லாரையும் விட முதல் கத்தி மற்றவங்களையும் எழுப்பிவிட்டிடும். அந்தக் கோவத்தை எனக்கு இன்னும் அடக்க ஏலல்ல.

கிட்டப் போய் எழுப்பிப் பறக்கவிட்டு வீடியோ எடுக்கிற பழக்கம் இப்ப கூடிக்கிடக்கு. ட்ரோன் வேற. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து கொழுப்புக் கரைஞ்சு வந்த ஒண்டை ஒவ்வொரு தரமும் எழுப்பிறது அதின்ட சோத்தில கை வைக்கிறதுதான். நீங்க அசையாம இருந்தா அதுகளே மேய்ஞ்சு மேய்ஞ்சு உங்களிட்ட வரும், உண்மையாத்தான்.

கண்டதை எழுதி வைக்கிறதெண்டா இபேர்ட் ஆப் இருக்கு, கோர்னெல் பல்கலைக்கழகத்தின்ட, காசில்லை. பேர் தெரியாட்டி மேர்லின் ஆப்பில படம் போட்டுப் பாக்கலாம், ஆனா சேத்துப் பறவையில அது சொல்லுறதை அப்பிடியே நம்பாம காலையும் அலகையும் நீங்களும் ஒருக்காச் சரிபாருங்க. இலங்கையில நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வருசா வருசம் ஜனவரியில இலங்கைப் பறவைக் கழகம் நடத்துது, அது குளிர்காலத்துப் படம். ஆகஸ்ட், செப்டெம்பர்ல யாரு எப்ப வந்தாங்க எண்ட விபரம் நம்மள மாதிரி ஆக்கள் எழுதினாத்தான் கிடைக்கும். திகதி, நேரம், இடம், எத்தினை, மூத்ததா இளசா எண்டு எழுதுங்க. போய் ஒண்டும் இல்லாட்டியும் "ஒண்டும் இல்ல" எண்டு பதிஞ்சுவிடுங்க, எந்தக் கிழமை வரைக்கும் வரல்ல எண்டது தெரிஞ்சாத்தான் எப்ப வந்தது எண்டு சொல்ல ஏலும்.